தனி வாசல் வைத்த அறை

நான் வீட்டுப் படம் கீறிச் சாப்பிடுகிறவன். மட்டக்களப்பு டவுணில் ஒரு கடையின் மேல்மாடியில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிறேன். என் பெயரில் ஒரு வீடு கிடையாது. வெளியூர்க்காரரிடம் இதைச் சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால் அதற்கென்ன என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். அவளைப் பெற்றவர்கள் கடைசி வரைக்கும் அவளோடேயே இருப்பார்கள். இதனால் எங்கள் பெண்கள் நடுத்தெருவில் நிற்பதில்லை என்று படித்தவர்கள் மேடையில் பெருமையாகப் பேசுவார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். பெண் பிள்ளை பெறாதவள் வயது போனபிறகு யாரோடு இருப்பாள் என்று அந்த மேடைகளில் ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் அம்மாவுக்கு மூன்றும் ஆண்.

மூத்த அண்ணன் கிரானில் பெண் எடுத்துப் போனார். நடுவிலான் கட்டாரில் இருக்கிறான், லீவில் வந்தாலும் மாமியார் வீட்டில்தான் இறங்குவான். கடைசி நான். கலியாணம் முடித்து, வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்கு வந்துவிட்டேன். அப்பா செத்த பிறகு அம்மா ஆரையம்பதியில் தனியே இருந்தார். போன மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுப் பெண் வந்து தூக்கும்வரை மழைக்குள் கிடந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது உடுப்பு மாற்றிக் கட்டிலில் இருந்தார். பல் கிட்டிக்கொண்டு, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கூட்டிக்கொண்டு எங்கே போவது? என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமியும் மனைவியின் தங்கச்சியும். மற்றதில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு பெண் பிள்ளைகள், புதிதாகப் பிறந்திருந்த மகன். மூத்தவள் பாடசாலைப் புத்தகத்தைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். வீட்டைப் பெருப்பிக்கத்தான் வேண்டும் என்று மனைவியே சொல்லிக்கொண்டிருந்தாள். பெருப்பிக்கிற கையோடு அம்மாவுக்கும் ஓர் அறை போடுவோம் என்றேன். ஓம் என்றாள். மாமியிடமும் சொன்னேன். "மருமகன் செய்தாச் சரி" என்றார். மறைத்து எதுவும் செய்யவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்முனைப் பாலத்தால் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்திப் பொம்பிளைட வீட்டில போய்க் குந்திக்கொண்டு, அவ எப்ப சோறு போடுவா எண்டு பாத்துக்கொண்டு இரிக்கச் சொல்றியா மனே?" என்றார்.

"உங்களுக்கு வேறயா அறை போடுறன் அம்மா."

"அறை என்னத்துக்கு? எனக்கு என்ட அடுப்பு வேணும். என்ட வாசலால நான் போய் வரவேணும். அவங்கட வீட்டுக்குள்ளால நான் நடக்க மாட்டன். அப்பிடியெண்டாச் சொல்லு, வாறன்."

சரி என்றேன். படி இறங்கும்போது கூப்பிட்டு, "வெள்ளை அடிக்காத. ஆஸ்பத்திரியில கிடக்கிற மாதிரி இரிக்கும். கத்தரிப்பூ நிறம் அடி" என்றார்.

ஊருக்கெல்லாம் கீறியிருக்கிறேன், இதைப் போல ஆசைப்பட்டு ஒன்றும் கீறியதில்லை. வீட்டின் வடக்குப் பக்கத்தில் இரண்டு அறை. பெரியது பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து ஒரு கதவால் போகலாம். அதற்கு அடுத்தது அம்மாவுக்கு. கட்டிலில் படுத்தபடியே ஒழுங்கையால் போகிறவரைப் பார்க்கும்படி யன்னலைத் தாழ்த்தி வைத்தேன். மாரி வெள்ளம் ஏறாமல் நிலத்தை உயர்த்தி, முழங்கால் நோகாமல் ஏறச் சின்னச் சின்னப் படியாக வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டேன். கூரைக்குச் சீட் போட்டால் பங்குனி வெயிலில் வெந்துபோவார் என்று ஓடு போட்டேன். பின்பக்கம் ஒரு குட்டிக் குசினி, குளியலறை. முன்பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவில் விறாந்தை, ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு வாசல்.

நிறங்களைப் பெண் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். வெளிச்சுவர் கோழிக்குஞ்சு மஞ்சள். அவர்களுடைய அறை மாங்காய்ப் பச்சை. யன்னலெல்லாம் நீலம். கட்டிலுக்குக் கீழே இழுவைப் பெட்டி, சுவருக்குள்ளேயே புத்தகத் தட்டு, தட்டின் உட்பக்கம் சிவப்பு. இளையவள் தன் கையாலேயே அந்தச் சிவப்பைப் பூசினாள். அம்மாவின் அறைக்குக் கத்தரிப்பூ நிறம் கலந்து எடுக்கக் காத்தான்குடிக் கடைக்கு இரண்டு முறை போனேன். மாமி வந்து பார்த்துவிட்டு, "இது என்ன மருமகன், வீடா நேசரிப் பள்ளிக்கூடமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த நாட்களில் அந்த வீட்டில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பது உண்மை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். "மச்சாளுக்கு வீடு கட்டுறீங்க போல" என்பார்கள். இல்லை, பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் அறை என்று நான் விளக்கம் சொல்வேன். அவர்கள் வாசலைப் பார்ப்பார்கள், குசினியின் புகைக்கூட்டைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். தனி அடுப்பும் தனி வாசலும் இருந்தால் எங்கள் ஊரில் அது அறை ஆகாது, வீடு. வீடு என்றால் அந்த வளவில் கலியாணம் ஆகாமல் இருக்கிற பெண்ணுக்குத்தான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதி இது. என் வீட்டுப் படத்தில் வந்தபோது மட்டும் அது கண்ணில் படவில்லை.

அந்த மச்சாளுக்கு, என் மனைவியின் தங்கச்சிக்கு, முப்பத்திரண்டு வயது. நல்ல பிள்ளை. என் மகனை நாள் முழுக்க இடுப்பில் வைத்திருப்பாள். வந்த சம்பந்தமெல்லாம் ஒரே கேள்வியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. வீடு இருக்கா? இருந்த ஒரு வீட்டை மூத்தவளுக்கு, அதாவது என் மனைவிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்தவளுக்கு வீடு கட்டுவதற்குள் மாமா கண்ணை மூடிவிட்டார்.

யன்னலுக்கு நீலம் அடித்துக்கொண்டு நான் ஏணியில் நின்ற ஒரு பின்னேரம் கலியாணப் புரோக்கர் வந்தார். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். முற்றத்தில் கதிரை போட்டு மாமி அவரை இருத்தினார். அவர் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு வழமையான கேள்வியைக் கேட்டார்.

மாமி முகத்தை உயர்த்தி, நாடியால் என் பக்கம் காட்டினார். நான் நிறம் பூசிக்கொண்டிருந்த அறைகளைக் காட்டினார்.

புரோக்கர் எழும்பி வந்து சுற்றிப் பார்த்தார். "ஆ, வடிவா இரிக்கே. அறை ரெண்டு, குசினி, எல்லாம் இரிக்கு. மச்சாளுக்கு நல்லாத்தான் செய்திரிக்கீங்க தம்பி" என்று எனக்கும் ஒரு பாராட்டு வைத்தார். கதவு மறைவில் மச்சாள் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. இது என் அம்மாவின் அறை என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தூரிகையை மறுபடி நீலத்தில் தோய்த்தேன். மாமி என்னைப் பார்க்கவேயில்லை. நான் வாய் திறக்க முடியாத இடத்தில் வைத்துத்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

புரோக்கர் போனதும் மனைவியிடம் கத்தினேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ட அம்மாவுக்கெண்டு கட்டினது. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். நான் கலியாணம் முடிக்கக்குள்ள இந்த வீட்ட எனக்குத் தந்தாங்க. அவள் வெறுங்கையோட நிக்கிறாள். நான் அனுபவிச்சது அவள்ட பங்கையும் சேத்துத்தான். நான் எந்த முகத்தோட வேணாம் எண்டுறது?"

"அப்ப அம்மா?"

"உங்கட அம்மாவுக்கு வீடு இரிக்குத்தானே. மறுகா பாப்பம்."

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் எனக்கு வந்தது கோபத்து அழுகை. அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்குத்தான் அந்தக் கோபம். மச்சாளும் வந்து நின்றாள். "அத்தான், உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேணாம்" என்றாள். விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் எந்த மூலையில் போய் இருப்பேன்?

மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டமாக வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு அறையும் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் தாய் குசினி மேடை பதிவாக இருக்கிறது என்றும், நிறமெல்லாம் சின்னப் பிள்ளை வேலை என்றும் சொன்னார். அம்மாவின் குள்ளத்துக்கு அளந்து வைத்த மேடையை உடைத்து உயர்த்தினார்கள். மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ எல்லாவற்றுக்கும் மேலே கிறீம் கலர் இரண்டு பூச்சு ஏறியது. எங்கள் வீட்டிலிருந்து போகிற கதவைக் கழற்றி இரண்டு அறைக்கும் நடுவில் வைத்து, பழைய இடத்தைக் கல் வைத்து அடைத்தார்கள். புத்தகத் தட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. இளையவள் அடைத்த சுவரைக் கையால் அடித்து அடித்து அழுதாள். என்னால் செய்ய முடியாததை அவள் செய்தாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மா பெருந்தன்மையோடு சிரித்தார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கேட்டுவிட்டு, கையிலிருந்த அகப்பையை முற்றத்தில் எறிந்தார்.

"பொம்பிளப் பிள்ளை பெறாதவள்தானே எண்டு எல்லாரும் ஏறி மிதியுங்க. நான் கேட்டனா? நான் பாட்டுக்கு இரிந்தன். நீதான வந்து ஆசை காட்டினாய்?"

உடுப்பெல்லாம் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். கட்டிலடியில் புதிதாக வாங்கிய ஒரு சட்டியும் பானையும் இருந்தன. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு தரவில்லை. கலியாணத்துக்கு வந்தார், பெண்ணுக்குச் சேலை கொடுத்தார், பந்தியில் சாப்பிடாமல் போனார். புது வீட்டுக்குள் வந்து பாருங்கள் என்று மச்சாள் கையைப் பிடித்து இழுத்தபோது முழங்கால் ஏலாது என்று சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஆறியிருப்பேன். எங்கள் வீட்டில் கணக்கு அதோடு முடியவில்லை. எனக்கும் இரண்டு பெண். இருக்கிற வீடு மூத்தவளுக்கு என்பது எழுதாத தீர்ப்பு. வடக்குப் பக்கத்தை இளையவளுக்கு ஆக்கலாம் என்று என் மனைவி மனதுக்குள் ஒரு எண்ணம் வைத்திருந்திருக்கிறாள். அது தங்கச்சிக்குப் போய்விட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீடில்லை என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படத் தொடங்கினார்கள்.

வழி கண்டுபிடித்தவர் மாமிதான். சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "மருமகன்ட அம்மாட வீடு சும்மாதானே கிடக்கு. அவவுக்குப் பொம்பிளப் பிள்ளையா இரிக்கு? பேத்திக்குத்தானே போகவேணும்."

சும்மா கிடக்கிறதாம். உள்ளே ஒரு மனுசி உலை வைத்து, விளக்குக் கொளுத்தி, இருமிக்கொண்டு இருக்கிறாள். அந்த வீடு சும்மா கிடக்கிறதாம். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். ஆனாலும் என்ன? என் மகள்தானே. அண்ணனுக்கு இரண்டும் ஆண், அவருக்குப் பேச இடமில்லை. கட்டார்க்காரன் போனில் சரி என்றான். என்னைத் தவிர எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அம்மாவுக்கும் சரியாகப் பட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. "எழுதுறன். வேற ஆருக்கு எழுத? பேத்திட கையிலதான் போகட்டும்" என்றார். அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. கடைசியாக அவருக்கும் வீடு கொடுக்க ஒரு பெண் பிள்ளை கிடைத்துவிட்டாள்.

பழைய வீடு, ஒற்றை அறை. இந்தக் காலத்து மாப்பிள்ளைக்குக் காணாது. இப்போதே படத்தைக் கீறி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடலாம் என்றாள் மனைவி. நான் கீறாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுப்பாள். போன சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு ஆரையம்பதிக்குப் போனேன்.

அம்மா டேப்பின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். அறையை அளந்தோம், குசினியை அளந்தோம், பின்வளவை அளந்தோம். எங்கே பெரிய அறை வரும், எங்கே குளியலறை வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கையால் காட்டிக்கொண்டே போனேன். கிணற்றடிக்கு வந்ததும் நின்றார்.

"இதில நான் எங்க இரிக்கிற மனே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. எந்த இடம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"முதல்ல அளவ எடுப்பம் அம்மா" என்றேன். வீடு கீறக் கேட்டு வருகிற யாருக்கும் நான் சொல்கிற பதில் அது.