வரிச்சிக்குடி வயலில் ஒளிந்துகொண்ட சூசை அண்ணன்

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகலாம் என்று சூசை அண்ணன் கூப்பிட்டபோது, நான் தலையாட்டியதற்குக் காரணம் பக்தி அல்ல, தொப்பை. எங்கள் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர் அவர். மனைவி மேரி அக்காவின் பெரிய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருவதாக மாதாவிடம் வேண்டியிருந்தார். போன ஆகஸ்ட் கடைசியில், கொடியேற்றத்தை ஒட்டிக் கிளம்பினோம்.

ஐந்தாம் நாள் காலை எட்டரைக்குத் தரங்கம்பாடி தாண்டி வரிச்சிக்குடி வந்தோம். சாலையோரம் தன்னார்வலர்களின் பந்தல். மோர் இலவசம், ஆனால் பாதத்தைக் காட்டிய பிறகுதான் மோர். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் இடது செருப்பைக் கழற்றியதும் சிரிப்பு செத்துப்போனது. விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி நின்றது. சுற்றிலும் கறுத்திருந்தது, நாற்றம் வேறு. அவருக்கு வலியே இல்லை! சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருக்கிறது.

பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்த தெரேசா, காரைக்காலில் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர், "அண்ணே, வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலதான்" என்றார். "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று போன அண்ணன் வரவே இல்லை.

நான் பதறிப்போய், பந்தலருகே நின்ற ஆம்புலன்ஸின் சைரனைப் போட்டுத் தேடச் சொன்னேன். கூட இருந்த கருக்களாச்சேரி மீனவர் வேலு தடுத்தார். "சத்தம் கேட்டா இன்னும் உள்ள போயிடுவாருங்க. வருசா வருசம் நாலு பேராவது இப்புடி ஒளியிறாங்க. வண்டியில ஏறுனா வேண்டுதல் போயிடும்னு பயம்." காயம்பட்டவன் காப்பாற்ற வருபவர்களிடமிருந்து ஒளிவானா?

வரப்போடு நடந்து தேடினோம். அரை மணி நேரத்தில், ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், அந்தக் காலை வாய்க்கால் சேற்றுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிட்ட வராதீங்க! மாதாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தெரேசா வாதாடவில்லை. என்னிடம் நம்பர் வாங்கி மேரி அக்காவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் பொழச்சதே ஒங்களோட இருக்கத்தான். ஏறுறீங்களா, இல்ல நானே கெளம்பி வரட்டுமா?"

அண்ணன் விம்மி அழுதார். மூங்கிலில் சேலை கட்டித் தூக்கி வந்தார்கள்.

அன்று மாலையே இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். நான்கு இரவும் ஒரே பாயில் படுத்தோம். ஒரு தடவைகூட அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை.

நடக்கப் போகிறவர்கள் கேளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். தடித்த பருத்திக் காலுறை 120 ரூபாய்தான், இரண்டு ஜோடி வாங்குங்கள். சர்க்கரை இருந்தால் தினமும் மாலையில் இன்னொருவரிடம் உள்ளங்காலைக் காட்டுங்கள். தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் வரை பதிமூன்று, பதினான்கு கிலோமீட்டர். நிழல் குறைவு, பந்தல்கள் உண்டு. அவர்கள் ஏறச் சொன்னால் ஏறிவிடுங்கள்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், மேரிகிட்ட ஒரு வெரல்தான் போச்சுன்னு சொல்லுடா."

இரண்டு என்றே சொல்லிவிட்டேன்.