ஐஸ் பக்டரிச் சம்பந்தம்

நான் வெளிநாட்டில் என்ன படிக்கிறேன் என்பதை உம்மா கலியாணத் தரகரிடம் ஒரே வசனத்தில் முடித்திருந்தா: "எண்ட மகள் குளிராக்கிற படிப்புப் படிக்கா." தரகர் கெட்டிக்காரர். கல்முனை முழுக்கத் தேடி, மீனுக்கு ஐஸ் போடும் பக்டரி வைத்திருக்கிற குடும்பமாகப் பார்த்துக் கொண்டுவந்துவிட்டார்.

லீவில் சாய்ந்தமருதுக்கு வந்திருந்த எனக்குத் தலை சுற்றியது. ஆய்வுகூடத்தில் இன்னும் ஒரு வருட வேலை கிடந்தது. அதை முடிக்காவிட்டால் படித்த நாலு வருடமும் வீண். மாப்பிள்ளை வீட்டாருக்கோ பக்டரிக்கு ஆள் உடனே வேண்டும்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். "எவளவுக்குக் குளிராக்குவீங்க மகள்?"

என் நசீப், தலைவிதி, உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். லேசர் அடித்து அணுக்களைக் குளிராக்குவோம்; அதற்குக் கீழே குளிரே கிடையாது என்ற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோவோம். பிறகு இன்னொரு லேசரால் ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஓர் எலக்ட்ரோனைக் கழற்றிவிடுவோம். அதுதான் பிளாஸ்மா. கண்டபடி கிடந்த அணுக்களுக்குத் திடீரென்று மின்னேற்றம் வந்ததும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுமுள்ளில் தாமாகவே சூடாகிவிடும். பாடுபட்டுச் சேர்த்த குளிரில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

"அப்ப ஐஸ் வராதா?"

"ஒரு துண்டும் வராது மாமா."

"எவளவு நேரம் நிக்கும் அந்தச் சாமான்?"

"ஒரு செக்கன ஆயிரமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு நேரம்கூட நிக்காது."

மாப்பிள்ளையின் உம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தா. "இதுக்கா நாலு வருஷம்? கலியாணத்தோட விட்டிருங்க மகள். வீடும் ரெடிதானே."

அந்த வீடு வாப்பா வயலை விற்று எனக்குக் கட்டியது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓம் மாமி, வீடு ரெடி. மகன நாளைக்கே அனுப்புங்க, வந்து இரிக்கட்டும். நான் படிப்ப முடிச்சிட்டு வாறன்."

அவ்வளவு நேரமும் கண்ணியமாக இருந்தவர்கள் உம்மா இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமலே எழுந்து போனார்கள். உம்மா குசினிக்குள் போய் அழுதா. வாப்பா மட்டும் அவர்கள் வைத்துவிட்டுப் போன வட்டிலப்பத்தை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விற்ற வயலைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று பயந்தேன்.

"அந்தச் சாமான இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வைக்க ஏலாதா மகள்?"

நாலு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். வீட்டில் அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

"அதுக்குத்தான் போகணும் வாப்பா."

"அப்ப போயிட்டு வாங்க," என்றார். "வீடு எங்கயும் போகாது."