பாதரசம் நின்ற இடம்

இலங்கையில் ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மாக்கண்ணு என்றால் கொழுந்து மலையில் எல்லாருக்கும் தெரியும். வேகமான கைக்காரி. செடி வரிசையில் நிரை பிடித்தால் அவள் முன்னால் போய்விடுவாள்; பக்கத்து நிரைக்காரிகள் அவளைத் திட்டிக்கொண்டே எட்டிப்பிடிக்கப் பார்ப்பார்கள். 1958ஆம் வருஷத்து ஆடி மழையில், நிறைந்த கூடையோடு மலைப்படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. விழுகிற வேகத்தில் வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டை வெட்டி எடுத்த அன்றைக்குத்தான் அவள் உண்மையில் பயந்தாள். உள்ளேயிருந்து வந்தது அவளுடைய கை மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியதும் நின்றுவிட்டன. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிப் பயிற்சிதான் என்று சொல்லி, தோட்டத்து மருந்துக்காரரிடம் போகச் சொன்னார்கள்.

மருந்துக்காரர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் சிரிக்கமாட்டார். வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டப் பழக்கினார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் துணிப்பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து அவள் கையில் கொடுத்தார்.

"ஏலுமான மட்டும் இறுக்கிப் பிடி பாப்பம்."

முதலில் இடது கை. கண்ணாடிக் குழாயில் பாதரசம் சரசரவென்று ஏறியது. வலது கையால் இறுக்கினாள். பாதரசம் லேசாக அசைந்ததோடு சரி.

"இடக்கை ஏத்துற அளவுக்கு வலக்கையும் ஏத்தவேணும். கிழமைக்கு ஒருக்கா வா. எவ்வளவு கூடுதெண்டு பாத்துக்கொண்டு போவம்."

அதுவரைக்கும் அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. மற்றவர்கள் மலைக்குப் போக, அவள் அவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள். கொழுந்து மலையைப் பார்க்கும் கண்டாக்கையா, "கையி சரியானா மலைக்கு வா. இல்லேன்னா அப்புறம் பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்த 'அப்புறம்' அவளைச் சாப்பிடவிடவில்லை. வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்களோ என்று புருஷன் அழகுமுத்துவிடம் கேட்பாள். அவன், "அதெல்லாம் ஒண்ணும் நடக்காது புள்ள" என்பான், முகத்தைப் பார்க்காமல்.

கிழமைக்குக் கிழமை பாதரசம் ஏறியது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் பின்வாங்கியது. தை பிறந்ததும் இடது கைக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. குணரத்தினமே அன்று சிரித்துவிட்டார். "இனி நீ மலைக்குப் போகலாம் பிள்ளை."

போனாள். முதல் செடியிலேயே தெரிந்துவிட்டது. இடது கை பழையபடி கிள்ளிக்கொண்டு போக, வலது கை விரல்களிலிருந்து கொழுந்து நழுவியது. இழுத்தால் இலை கிழிந்தது, காம்பு செடியிலேயே நின்றது. மத்தியானத்துக்குள் கட்டைவிரல் அடியில் வலி தாங்க முடியவில்லை. கண்டாக்கையா கூடையை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். மறுநாள் அவள் மலைக்கும் போகவில்லை, மருந்துக்காரரிடமும் போகவில்லை.

அழகுமுத்துதான் கெஞ்சி அழைத்துப் போனான்.

"ஏன் பிள்ளை வரேல்லை?"

"வந்து என்னாங்க ஐயா ஆகப்போவுது? ஒங்க குழாயில கை சரியாயிருச்சு. செடிகிட்ட சரியாகலியே." அழுதேவிட்டாள்.

குணரத்தினம் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. இப்ப என்னென்ன செய்யேலுது, அதைச் சொல்லு."

"தண்ணி வாளி தூக்குறேன். கம்பளி பிழியிறேன்."

"முந்தி ஏலாதுதானே? அது வந்திட்டுது. என்ன வரேல்லை?"

அவள் யோசித்தாள். "ஊசி பிடிக்க முடியல. சட்டைப் பித்தான் போட முடியல. கொழுந்து கிள்ள முடியல."

அவர் பட்டையைச் சின்னதாக மடித்து, கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கச் சொன்னார். இடது கை பாதரசத்தை ஓரளவு ஏற்றியது. வலது கையில் அதில் பாதிகூட வரவில்லை.

"நான் முழுக்கையின்ர பிடியை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன். உனக்கு வேண்டியது இந்த நுனிப்பிடி. அதுக்குப் பழக்கமே குடுக்கேல்லை." அவளை நிமிர்ந்து பார்த்தார். "கை கெட்டுப்போகேல்லை பிள்ளை. வேலை மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்."

அன்று லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கை அப்படியேதான் இருந்தது. ஆனால் எது குறை என்று தெரிந்துவிட்டது.

அழகுமுத்து, முற்றின செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் வேலை செய்கிறவன். வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளைச் சாயந்திரம் சுமந்து வந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து இலை இலையாகக் கிள்ளினாள். முற்றின இலை, சுலபத்தில் வராது. அதுதான் நல்லது என்றார் மருந்துக்காரர். ரொட்டி மாவைச் சிறுசிறு உருண்டையாக நசுக்கினாள், அரிசியில் கல் பொறுக்கினாள். புதன்கிழமைகளில் மருந்துக்காரரிடம் போய் மடித்த பட்டையை அமுக்கினாள். இந்தத் தடவை ஒரு கோடு கூடினாலும் அவளே முதலில் கண்டுபிடித்துச் சொல்வாள். பித்தான் போட முடிந்த காலையில், போட்ட சட்டையைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தாள்.

சித்திரை கழிந்து அவளை மலையில் விட்டார்கள், முதலில் அரைநாள். குணரத்தினமும் தொப்பியை மாட்டிக்கொண்டு நிரை ஓரத்தில் வந்து நின்றார். வலது கை கொஞ்சம் பிந்தியது. ஆனால் காம்போடு ஒடிந்து வந்தது கொழுந்து. கண்டாக்கையா கூடைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார்.

"நல்ல கொழுந்து. நாளையிலேருந்து காலையில பெரட்டுக்கு வந்து நில்லு, முழுநாள் பேரு போடுறேன்."

"சரிங்க ஐயா" என்றாள்.

அதன்பிறகும் பல வருஷம் அவள் அந்த மலையில் கொழுந்தெடுத்தாள். பழைய வேகம் முழுதாக வரவில்லை; கடுங்குளிரில் மணிக்கட்டு கடுக்கும், ஒரு துணி சுற்றிக்கொள்வாள். ஆனால் அன்று, அந்த முதல் அரைநாள் முடிந்தபோது, அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியோடு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். சேதி அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"என்னாங்க, இப்புடி ஓடியாறீங்க?"

அவன் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். "பயந்துகிட்டே கெடந்தேன் புள்ள, இத்தன மாசமா. ஒங்கிட்டச் சொல்லல." அவளுடைய தேத்தண்ணிப் போத்தலை வாங்கி, ஆறிப்போனதை முழுக்கக் குடித்தான்.