இஞ்சி போடாத விருந்து

லுசேர்ண் ஏரிக்கு மேலே, பேருந்து கடைசியாக வந்து திரும்பும் இடத்தில், ஆப்பிரிக்காவில் வேலை செய்து களைத்த கத்தோலிக்கச் சுவாமிமார் ஓய்வெடுக்கும் இல்லம் ஒன்று இருந்தது. அதன் சமையலறையில் உருத்திரமூர்த்தி சேர்ந்தது எண்பத்தைந்தில். சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்த காலத்தில் அவர் அடுப்பங்கரைக்குப் போனது சுருட்டுப் பற்றவைக்க மட்டும்தான். இங்கே அகதியாக வந்தவருக்கு முதலில் கிடைத்தது பாத்திரம் கழுவும் வேலை. பழைய சமையல்காரி முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றபோது, "நீ செய்வாயா?" என்று கேட்டார்கள். "யா" என்றார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களில் அதுதான் அதிகம் உழைத்தது. உருளைக்கிழங்கைத் துருவி ரோஸ்டி சுடத் தெரியுமா? யா. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? யா. பிறகுதான் எதற்கு யா சொன்னோம் என்று யோசிப்பார்.

உருத்திரமூர்த்தி என்று சொல்லி முடிக்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லாததால் அவர் 'ரூடி' ஆனார். காலையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ரொட்டி வெட்டும் ரூடியைப் பார்த்து முதல் வாரம் கிழவர்கள் முழித்தார்கள். "எங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விபூதிப் புதன் இவருக்கு நாளாந்தம் வருகிறது" என்று பாதர் அலோயிஸ் விளக்கம் சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள்.

இந்த அலோயிஸ் பாதர் வேலை இல்லாத நேரமெல்லாம் சமையலறைக்கு வருவார். அவருக்கு எந்நேரமும் வேலை இல்லை. வயது எழுபத்தெட்டு. கதிரையை இழுத்துப் போட்டுக் கரட் சீவிக்கொண்டு லுவெங்காக் கதை சொல்லத் தொடங்குவார். பாதி ஜெர்மன், பாதி கை. அதை உருத்திரமூர்த்தி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி புனிதவதிக்குச் சொல்லும்போது பாதர் சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார். ஆகவே இங்கேயும் அப்படித்தான் கதைக்கிறார்.

முப்பத்தாறாம் ஆண்டில் கப்பலேறி, பிறகு ஆற்றுப் படகில், பிறகு கால்நடையாக அவர் லுவெங்காவுக்குப் போனார். மத்திய ஆப்பிரிக்காவில் காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையில் இருந்த அந்த இடம் அப்போது மறைமாவட்டமாகவில்லை. புல்லால் வேய்ந்த ஒரு கோவில், அதன் பின்னால் காய்ச்சலில் இறந்துபோன முன்னைய சுவாமிமாரின் சிலுவைகள், அவ்வளவுதான். அலோயிஸ் போனவுடன் செங்கல் சூளை போட்டார். பள்ளிக்கூடம் கட்டினார், மருந்துச்சாலை கட்டினார், கன்னியர்மடம் கட்டினார், தேவாலயம் கட்டினார். கட்டியது போதும் என்று மேலிடம் சொன்ன பிறகு ஒரு மணிக்கோபுரமும் கட்டினார்.

"எத்தினை பேரை வேதத்துக்குச் சேர்த்தனீங்கள் பாதர்?" என்று உருத்திரமூர்த்தி ஒருநாள் கேட்டார்.

"சனத்தைச் சேர்த்தது உபதேசியார்மார். நடந்து நடந்து ஊர் ஊராப் போனது அவையள். நான் செங்கலைத்தான் சேர்த்தனான்."

"என்னையும் சேர்க்கப் பாக்கிறியளோ?"

"போடா. நான் ஓய்வு பெற்றிட்டன்."

சுதந்திரம் வந்தது. பின்னாலேயே கலகமும் வந்தது. வெள்ளைக்காரச் சுவாமிமாரை ஒரு லொறியில் ஏற்றி எல்லைக்கு அனுப்பினார்கள். அவர்கள் இல்லாத காலம் முழுவதும் அந்த உபதேசியார்மாரே சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லி வைத்திருந்தார்கள். அலோயிஸ் திரும்பிப் போய்ப் பார்த்தபோது தேவாலயம் முன்பைவிட நிறைந்திருந்தது. "நான் இல்லாமலே" என்று அவர் சொல்லுவார். அதில் பெருமை முக்கால், மனத்தாங்கல் கால். பிறகு உள்ளூர்க் குருமார் வந்தார்கள். அவருடைய சூளையில் செங்கல் சுமந்த தியோதோனே என்ற மாணவனே லுவெங்காவின் ஆயரானார். அலோயிஸ் இடுப்பெலும்பு முறிந்து சுவிஸுக்குக் கொண்டுவரப்பட்டார். இடுப்பு சுகமாகிவிட்டது. ஆளைத் திருப்பி அனுப்பத்தான் ஒருவரும் நினைக்கவில்லை.

அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். சாவதென்றால் லுவெங்காவில், அந்தச் சிலுவைகளுக்குப் பக்கத்தில். அதற்கு முன்னர் கொஞ்சக் காலம் கோபுர நிழலில் கதிரை போட்டு இருக்கவேண்டும். வேறு ஆசை இல்லை.

இல்லத் தலைவர் பாதர் எர்வின் சம்மதிக்கவில்லை. எர்வின் கெட்டவர் அல்லர். வாழ்நாள் முழுவதும் சுவிஸ் பங்குக் கோவில்களில் மறைபரப்புக்கு உண்டியல் சேர்த்தவர். ஆப்பிரிக்காவைத் தபால் முத்திரையில் மட்டும் பார்த்தவர். "அலோயிஸுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. செபப் புத்தகத்தைக் குளிர்பெட்டியில் வைக்கிறார். ஒரே நாளில் இரண்டு தடவை காலைப் பூசைக்கு வந்து நிற்கிறார். இவரை எப்படிக் காட்டுக்கு அனுப்புவது?" என்பது அவர் கவலை. எண்பத்தேழு ஆனியில் ஆயர் தியோதோனே நன்கொடை தந்த பங்குகளுக்கு நன்றி சொல்ல வருவதாகச் செய்தி வந்தது. ஆயரே பார்த்து முடிவு சொல்லட்டும் என்று எர்வின் விட்டுவிட்டார்.

அலோயிஸ் துள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "ரூடி, நான் மறக்கேல்லை எண்டு காட்டவேணும். லுவெங்காவிலை பெருநாளுக்கு எப்பிடியோ அப்பிடியே விருந்து. அவிச்ச மரவள்ளி, கச்சான் கடலை அரைச்சு விட்ட கோழி, கீரை. குடிக்க இஞ்சிச் சாறு. அன்னாசி, தேசிக்காய், நிறைய இஞ்சி. தொண்டை எரியவேணும். செய்வியோ?"

"யா" என்றார் உருத்திரமூர்த்தி. பேருந்தில் பாதி வழி இறங்கிய பிறகுதான் அவருக்கு வேர்த்தது.

"மரவள்ளியோடை இஞ்சியோ?" புனிதவதி தோசைக் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி கேட்டாள். "உங்களுக்கென்ன விசரோ?"

"எனக்கில்லை. பாதருக்கு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யா எண்டன்."

"உங்கடை யா! நான் மனைப்பொருளியல் படிப்பிச்சனான் இஞ்சருங்கோ. மரவள்ளி அவிச்ச அண்டைக்கு இஞ்சி வீட்டுப் படலை தாண்டக்கூடாது. நஞ்சு. எங்கடை ஒழுங்கையிலை ஒரு குடும்பம் முழுக்க..."

"தெரியும். எல்லாற்றை ஒழுங்கையிலையும் அந்தக் குடும்பம் இருந்தது."

"பகிடி விடுங்கோ. ஒரு பிஷப்பைச் சாக்காட்டிப்போட்டு எந்த முகத்தோடை அகதி எண்டு சொல்லப்போறியள்?"

உருத்திரமூர்த்திக்கும் அதே நம்பிக்கைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்குக் கந்தசஷ்டி விரதத்தில் ஐயம் வரலாம். மரவள்ளி, இஞ்சி விஷயத்தில் வராது. "வயசான மனிசன். ஆசையாக் கேக்கேக்கை முகத்துக்கு நேரை மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லவேண்டாம். செய்யாமல் விடுவம்" என்றாள் புனிதவதி. இதைத்தான் அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த இடத்தில் மரியாதை என்பார்கள்.

மரவள்ளிக்குப் பாடன் நகரில் யோகராஜா என்ற தமிழர் தன் வீட்டு நிலவறையில் நடத்தும் கடைக்குப் போகவேண்டியிருந்தது. விருந்தன்று புனிதவதியும் உதவிக்கு வந்தாள். அலோயிஸ் உருண்டு திரண்ட ஓர் இஞ்சியை மேசையில் வைத்து, "எல்லாத்தையும் போடு" என்று சொல்லிவிட்டு, பொத்தானை மாறிப் பூட்டிய கோட்டுடன் புகையிரத நிலையத்துக்கு ஆயரைக் கூட்டிவரப் போனார். கதவு சாத்தியதும் புனிதவதி அந்த இஞ்சியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். அன்னாசியைப் பிழிந்தாள். தேசிக்காய் விட்டாள். மிளகைத் தட்டிப் போட்டாள்.

"உறைப்புத்தானே வேணும்? உறைக்கும்" என்றாள்.

ஆயர் தியோதோனே உயரமான மனிதர். அவர் பேசிய ஜெர்மன் அலோயிஸுடைய மலைக்கிராமத்து ஜெர்மன். அந்த உச்சரிப்பைக் கேட்டு மேசையில் இருந்த நகரத்துக் கிழவர்களே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள். மரவள்ளியைக் கண்டதும் கையைத் தட்டினார். கோழியை மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார். அலோயிஸின் முகம் மணிக்கோபுரம் திறந்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. சமையலறையையும் சாப்பாட்டறையையும் பிரிக்கும் சின்ன யன்னல் வழியாகப் புருஷனும் பெண்சாதியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அலோயிஸ் சாற்றை ஒரு வாய் குடித்தார். நின்றார். இன்னொரு வாய் குடித்தார்.

"இதிலை இஞ்சி இல்லை."

எர்வின் தன் கிளாஸைச் சுவைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. "நல்லா எரியுதே, அலோயிஸ். நீர்தானே காலமை இஞ்சியைக் கொண்டுபோய்க் குடுத்தனீர்?"

"குடுத்தனான். ஆனால் இதிலை இல்லை."

"சரி, சரி. சாப்பிடும்" என்றார் எர்வின், குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு ஆயரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்று அதற்குப் பொருள்.

ஆயர் தன் கிளாஸில் ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அலோயிஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய் மணந்தார். கீழே வைத்தார். "நான் குடுக்கேல்லையோ? குடுத்தனான் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார், தலையைக் குனிந்துகொண்டு.

யன்னலுக்கு இந்தப் பக்கம் உருத்திரமூர்த்தி துவாயைப் பிசைந்துகொண்டிருந்தார். "இஞ்சேரும், இந்த மனிசனைப் போக விடப்போறாங்களில்லை."

புனிதவதி கைப்பையைத் திறந்து, இஞ்சியைக் கைக்குட்டையோடு எடுத்து அவர் கையில் வைத்தாள். "கொண்டுபோய்க் காட்டுங்கோ."

"நீரும் வாருமன்."

"யா சொன்னது நானோ?"

ஏப்ரனோடும் இஞ்சியோடும் உருத்திரமூர்த்தி சாப்பாட்டறைக்குள் போனார். கையில் கைக்குண்டு வைத்திருப்பவரைப்போல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை விரித்து, இஞ்சியை அதன்மேலேயே அலோயிஸின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "பாதர் தந்தவர். நான் போடேல்லை. மிளகு போட்டனான். பாதற்றை நாக்குச் சரி, தலையும் சரி."

"ஏன் போடேல்லை?" என்று கேட்டார் எர்வின்.

உருத்திரமூர்த்தி மரவள்ளியைக் காட்டினார், இஞ்சியைக் காட்டினார், வயிற்றைப் பிடித்தார், கண்ணை மூடித் தலையைச் சரித்தார். பிறகு மரியாதையாக ஆயரைச் சுட்டினார்.

ஆயர்தான் முதலில் சிரித்தார். சிரித்து மேசையில் தட்டியதில் கரண்டிகள் துள்ளின. "அப்ப இவ்வளவு காலமும் என்ரை சனம் முழுக்கச் செத்தோ கிடக்குது? எனக்கு முதல் மிடறிலையே தெரியும் இஞ்சி இல்லையெண்டு. சமையல்காரனைக் காட்டிக்குடுக்கிறது எங்கடை பழக்கமில்லை, அதுதான் பேசாமல் இருந்தனான்." பிறகு எர்வினிடம் திரும்பினார். "இவரை ஏச வேண்டாம். இந்த அலோயிஸ் பாதர் எங்கடை ஊருக்கு வந்த புதிசிலை மரவள்ளி இலை நஞ்செண்டு சொல்லித் தொடவே மாட்டார். சுவிஸிலை இருந்து உருளைக்கிழங்கு கொண்டந்து நட்டவர். ஒவ்வொரு வருசமும் அழுகும், ஒவ்வொரு வருசமும் நடுவார். என்ரை தாய்தான் ஒருநாள் அந்த இலையைக் கீரையாச் சமைச்சு, இவருக்கு முன்னாலை தானே முதல் சாப்பிட்டுக் காட்டினவ."

"அது மறந்துபோச்சு" என்றார் அலோயிஸ்.

"பொய். முகம் சிவக்குது பாருங்கோ."

எர்வின் கைகளைக் கட்டிக்கொண்டார். "குளிர்பெட்டியிலை செபப் புத்தகம்?" என்றார், சண்டையைக் கைவிட மனமில்லாமல்.

"லுவெங்காவிலை குளிர்பெட்டி இல்லை" என்றார் ஆயர். "பாதர் வரலாம். ஆனால் ஒண்டு: சூளைப் பக்கம் போகக்கூடாது. ஒரு செங்கல் வைச்சாலும் அடுத்த விமானத்திலை திருப்பி அனுப்புவன்."

"ஒரு சின்னச் சுவர்" என்றார் அலோயிஸ். "கிணத்தைச் சுத்தி."

"ஒரு செங்கல்லும் இல்லை."

பிறகு ஆயர் கிளாஸை நீட்டி, இப்போதாவது இஞ்சி போடச் சொன்னார். உருத்திரமூர்த்தி "யா" என்றார். கடைசியில் அதைச் செய்யவும் செய்தார். அந்த இஞ்சியில் ஒரு விரல் முறித்து இடித்தது அவர்தான்; புனிதவதி அந்தப் பாவத்தில் பங்கெடுக்க மறுத்து, நஞ்சை முறிக்கவென்று ஒரு சட்டி புளிக்கரைசலோடு தயாராக நின்றாள். ஆயர் முழுவதையும் குடித்தார். மறுநாள் வழக்கத்துக்கு முந்திய பேருந்தில் வேலைக்கு வந்த உருத்திரமூர்த்தி, செருப்பைக்கூட மாற்றாமல் விருந்தினர் அறை யன்னலுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். யன்னல் கதவு திறந்தது. "ரூடி," என்றார் ஆயர் மேலிருந்து, "இன்னும் இருக்கிறன்."

"அவைக்குப் பழகிப்போச்சு. எங்களுக்கெண்டால் தெரியும்" என்றாள் புனிதவதி அன்று இரவுச் சாப்பாட்டில்.

ஐப்பசியில் அலோயிஸ் புறப்பட்டார். இரண்டு சட்டை, ஒரு செபப் புத்தகம், எர்வின் கட்டாயப்படுத்திக் கொடுத்த மாத்திரைகள். நிலையத்தில் பெட்டியை ஏற்றிய பிறகு தன் குளிர்கோட்டைக் கழற்றி உருத்திரமூர்த்தியின் தோளில் போட்டார். "எனக்கு அங்கை தேவைப்படாது. உனக்கு நீளம். மனிசியைக் கொண்டு வெட்டி அடி." உருத்திரமூர்த்தி யா என்றார். புகையிரதம் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு மத்தியானச் சமையலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

கோட்டு அவருக்குக் கணுக்கால்வரை வந்தது. புனிதவதி மடித்துத் தைக்கும்போது உள்பைக்குள் என்னவோ தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தாள். விருந்தில் மிஞ்சிய இஞ்சித் துண்டு, அன்று அவள் இஞ்சியை ஒளித்த அவளுடைய அதே கைக்குட்டையில் சுற்றி.

"கிழவன்ரை குறும்பைப் பாருங்கோ" என்றாள். இஞ்சி சுருங்கிப் போயிருந்தது, ஆனால் மணம் போகவில்லை. காலையிலிருந்து வீட்டில் என்னென்ன சமைத்தோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். மரவள்ளி இல்லை. தோலைச் சுரண்டி, தட்டி, தேநீரில் போட்டாள்.