கிழக்கு பார்த்த கூடாரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்கத் தொடங்கி, மிளகும் கொக்கோவும் வாங்கி விற்று, இன்று என் பெயர் எழுதிய லொறிகள் நாலு திசைக்கும் ஓடுகின்றன. படித்தவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் தரத்தை நான் தொட்டே சொல்லிவிடுவேன். தம்புள்ளை வீதியில் இராணுவம் கழித்த சாமான்களை வாங்கி விற்கும் கடையில் அந்தக் கூடாரத்தையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தேன். பச்சைக் கித்தான். நகத்தால் கீறினேன், நகம்தான் தேய்ந்தது.

கடைக்காரர் சிங்களவர். நான் அதைத் தோளில் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, "முதலாளி, எங்கே படையெடுக்கப் போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சம்பந்தி மேலே" என்று அதே சிங்களத்தில் பதில் சொன்னேன்.

பொய்யில்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரருக்குச் சீகிரியாப் பக்கம் ஒரு விடுதி இருக்கிறது. ஏசி அறைகள், நீச்சல் தடாகம், காலையில் தட்டு நிறையப் பழம். பள்ளி விடுமுறை விட்டால் போதும், கண்டியில் இருக்கும் பேரனும் பேத்தியும் நேரே அங்கே போய்விடுவார்கள். வழியில் என் வீட்டுக்கு வருவதும் உண்டு. தேத்தண்ணி குடிப்பார்கள், மிளகுத் தூசியில் நாலு தும்மல் போடுவார்கள், "போயிட்டு வர்றோம் தாத்தா" என்பார்கள். மூன்று மாடி கட்டி என்ன பிரயோசனம்?

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பிள்ளைகளைப் பார்க்கணும்னா நம்ம பக்கம் வாங்க சம்பந்தி. உங்களுக்கும் ஒரு ரூம் போட்டுத் தர்றேன். சொந்தக்காரருக்கு வாடகையில கழிவு உண்டு."

எனக்குப் பாயாசம் புளித்துவிட்டது. "உங்க ரூம் ஒரே இடத்துல நிக்குது. என் ரூம் நான் போற இடத்துக்கெல்லாம் வரும்" என்றேன். அப்போது என்னிடம் கூடாரமும் இல்லை, குடையும் இல்லை. வாய் முதலில் போகும். நான் பின்னால் போய் அதைச் சரிசெய்வேன். அப்படித்தான் தொழிலிலும் முன்னுக்கு வந்தேன்.

அவரும் விடவில்லை. இலையை மூடுவதற்குள் பந்தயம் கட்டியாகிவிட்டது. தைப்பொங்கலுக்கு ரிவர்ஸ்டன் மலைக் குளிரில் என் கூடாரத்தில் இரண்டு குடும்பமும் தங்க வேண்டும். விடிந்து பொங்கல் பானையில் பால் பொங்கும்வரை கூடாரம் நின்றால், இனிப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் என்னிடம். அதற்கு முன்னால் விழுந்தால், அந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது.

கூடாரத்தை வீட்டு முற்றத்தில் அடித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றி வந்தாள்.

"ஏங்க, தோட்டத்து லயத்துல பிறந்து மாடி வீடு கட்டினீங்க. இப்ப மறுபடி லயத்துக்கே போறீங்களா?"

"இது இராணுவத்துக் கேணலு படுத்த கூடாரம்டி."

"கேணலு குளிக்க மாட்டாரு போல."

குழாயைத் திறந்து மேலே தண்ணீர் அடித்தேன். அவளை உள்ளே உட்காரச் சொல்லியிருந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நனைந்த கித்தான் உப்பி இறுகிக்கொள்ளும். லொறிச் சுமைக்குப் படங்கு கட்டிய எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் லொறியில் ஏற்றி, ரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறினோம். ரிவர்ஸ்டனுக்குக் கொஞ்சம் கீழே சிநேகிதர் ஒருவரின் ஏலக்காய்க் காணி. அங்கே பனி, பக்கத்தில் நிற்பவரையே அரைகுறையாகத்தான் காட்டியது. சம்பந்தி வெள்ளை வேட்டிக்கு மேலே கம்பளிச் சட்டை, தலையில் குரங்குத் தொப்பி, கழுத்தில் சால்வை என்று வந்து இறங்கினார்.

கம்பத்தை நட்டபோதுதான் வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. வங்கியில் வேலை செய்யும் மருமகன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "மாமா, நாளைக்கு காத்து கிழக்கேயிருந்து வரும்னு போட்டிருக்கு. வாசலை மேற்கே வைப்போம்" என்றார்.

"என்னா தம்பி பேசுறீங்க? பொங்கலுக்கு வாசல் மேற்கா?" என்றேன்.

"சூரியனுக்கு முதுகு காட்டிப் பொங்கல் வைக்கச் சொல்றியாடா?" என்று சம்பந்தி மகன்மேல் பாய்ந்தார்.

கல்யாணம் பேசிய நாளிலிருந்து நானும் சம்பந்தியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். வாசல் கிழக்கே வைத்தோம்.

இரவு ஒன்றும் நடக்கவில்லை. என் குறட்டைக்குக் காற்றே பயந்து நின்றதாகப் பேத்தி சொன்னாள்.

விடியற்காலையில் பனி வெளுத்தது. வெளியில் தூறல் விழுந்ததால் வாசலுக்குச் சற்று உள்ளே மூன்று கல் வைத்து, கோலம் போட்டு, மஞ்சள் கட்டிய பானையை ஏற்றினோம். தீ என் பொறுப்பு. பால் மெல்லச் சூடேறியபோதுதான் கிழக்கே அந்த இரைச்சல் கேட்டது. காற்று மலையேறி வந்து, கேட்காமல் கொள்ளாமல் வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. கூடாரம் வயிறு ஊதின பசுமாடு மாதிரி உப்பியது. ஊறிப்போயிருந்த மண்ணிலிருந்து ஆப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மருமகன் பின் கம்பத்தைப் பாய்ந்து பிடித்தார். முன் கம்பம் பானைக்கு மேலே நின்று ஆடியது.

சம்பந்தியின் மனைவி போட்ட கூச்சல் சீகிரியாவரைக்கும் கேட்டிருக்கும். "பானை! பானை! ஏங்க, அந்தக் கம்பத்தைப் பிடிங்க! பால் பொங்காம பானை கவுந்தா இந்த வருஷம் நல்லா இருக்குமா?"

கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர் சம்பந்தி. யோசிக்கவே இல்லை, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கூடாரம் நின்றது.

பிறகுதான் யோசித்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கம்பத்தை விட்டால் பந்தயம் அவருக்கு. ஆனால் பானை கவிழும், வருஷத்துக்கே கெட்ட சகுனம், மனைவி வேறு பக்கத்திலேயே நிற்கிறார். விடாவிட்டால் பேரப்பிள்ளைகள் எனக்கு. குரங்குத் தொப்பிக்குள் அந்த முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே!

"சம்பந்தி, தீயைக் கூட்டுங்க!"

"விறகு ஈரமா இருக்கு சம்பந்தி. அவசரப்பட்டா பால் அடிப்பிடிக்கும்."

"ஊதுங்கய்யா!"

"நீங்கதான் ஊதுகுழலு மாதிரி கத்துறீங்களே, அதுவே போதும்."

வேட்டி காற்றில் படபடக்க அவர் கொடிமரம்போல் நின்றார். பேரன் "விட்டுறாதீங்க தாத்தா!" என்று அவருக்குத் தைரியம் சொன்னான். நான் ஒரு சுள்ளியை வைத்தேன், அப்புறம் ஒன்று. நல்ல சமையலுக்குப் பொறுமை வேண்டும்.

ஒருவழியாகப் பால் விளிம்புக்கு ஏறி, நுரைத்து, வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் கத்தினோம். வாழ்நாள் முழுக்கப் பழகிய பழக்கம், சம்பந்தியும் இரண்டு கையையும் மேலே தூக்கி "பொங்கலோ பொங்கல்!" என்றார்.

தூக்கியதுதான் தாமதம், கூடாரம் பின்பக்கமாக எழும்பிப் பறந்து ஏலக்காய்ச் செடிகள் மேலே போய்க் குப்புற விழுந்தது. மருமகன் கையில் கம்பம் மட்டும் மிஞ்சியது. கூரையில்லாமல், தூறலில், பொங்கிய பானையைச் சுற்றி நாங்கள். சம்பந்தியின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன.

"அது நிக்கல! நான்தான் நிறுத்தினேன்!" என்றார்.

"யாரு நிறுத்தினாலும் நின்னது நின்னதுதானே சம்பந்தி."

பிள்ளைகளிடம் நியாயம் கேட்டோம். பேத்தி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்த நிலையில் தீர்ப்புச் சொன்னாள்: "சீகிரியா தாத்தா தோத்துட்டாரு. அவரே கஷ்டப்பட்டுத் தோத்தாரு. மறுபடி எப்ப வருவோம்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. பொங்கலை வாயில் போட்டபோது மனைவி என் காதருகே வந்து, "விறகு ஈரமாவா இருந்துச்சு?" என்றாள். "பால் பொங்கிச்சில்ல, பேசாம சாப்பிடு" என்றேன்.

சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். வில்கமுவப் பக்கம் வயலோரத்தில் கூடாரம் அடிக்கப் போனோம். சாமான் இறக்கும்போது பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. விடுதி நிரம்பி வழியும் நேரத்தில், அதை அப்படியே விட்டுவிட்டு, கை நிறையப் புது இரும்பு ஆப்புகளோடு சம்பந்தி இறங்கினார். ஒரு விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் நீட்டி, நெடுநேரம் யோசித்தார்.

"இந்த முறை வாசலை மேற்கே வைங்க சம்பந்தி."

"எங்க வேணும்னாலும் வைப்போம்" என்றேன். "ஆனா உங்க இடம் அந்த முன் கம்பத்துக்கிட்டதான்."