நிறுத்தக் கூடாத வேன்

எங்கள் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலம் அது. கடற்கரையிலிருந்து மார்த்தாண்டம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோக அப்பா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அது என்னைவிட வயதில் மூத்தது. அடமும் என்னைவிட அதிகம். அந்த மழைக்காலத்தில் அதற்குப் புதிதாக ஒரு சீக்கு வந்தது. டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை அப்பா கத்தியால் சுரண்டினார், பெல்ட்டை இறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டைனமோவைத் திறந்து பார்த்து, உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, நாகர்கோவிலில்தான் வாங்க வேண்டும் என்றார். வாங்குவதற்குள் அம்மாவுக்கு நோவு கண்டுவிட்டது.

உச்சிப்பொழுதில், பிரசவம் பார்க்க வந்த வயத்தாட்டி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கைவிரித்துவிட்டாள். தேய்ந்த கார்பன் அழுந்தி நிற்க அப்பா ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகினார். வலைக்காரர்கள் சேர்ந்து தள்ள, வேன் இருமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் பாயில் கிடந்த அம்மாவின் தலையை மாமி மடியில் வைத்துக்கொண்டாள். மாமி அப்பாவின் அக்கா. அவளை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் கிடையாது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாததால் முன்னால் ஏற்றினார்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்பியர் முள்ளை அப்பா எனக்குக் காட்டினார். "மக்கா, இந்த முள்ளு இடப்பக்கம் சாயுதான்னு பாத்துச் சொல்லணும். இஞ்சின் நின்னுதுன்னா பிறகு தள்ளினாலும் எடுக்காது."

ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் முள் நிமிர்ந்தது; வேகம் குறைந்தால் சாய்ந்தது. அம்மா முனகும்போது முள்ளைப் பார்த்தேன். முள் சாயும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்த வண்டியும் சாலையோரம் சிலுவை நட்ட குருசடியைக் கடக்கும்போது ஆரன் அடித்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகும். எங்கள் சாலையில் குருசடிக்கா பஞ்சம்?

"ஏலே, குருசடி வருது. ஆரன அடி."

"அடிச்சா பேட்டரி எறங்கும், அக்கா."

"மாதாவுக்கு அடிக்காம போனா இவ எப்பிடிலே பிழைப்பா?"

அப்பா அடிக்கவில்லை. அடுத்த குருசடி வந்ததும் மாமி ஜன்னல் வழியாக முகத்தை நீட்டி, தன் வாயாலேயே "பாம், பாம்" என்றாள். நெய்யூர் வரை அப்படித்தான். புதுக்கடையில் சந்தைக் கூட்டம் சாலையை அடைத்து நின்றபோது, மாதாவுக்கு அடித்த அதே ஆரனை மனிதர்களுக்கும் அடித்தாள். அந்த வலியிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலி கூடி மாமியின் கையைக் கடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே தூக்கிப் போனார்கள். இங்கே முடியாவிட்டால் திருவனந்தபுரத்துக்குத்தான் என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மாமியும் உள்ளே ஓடினாள். அப்பா மட்டும் இறங்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், வாசலையே பார்த்தபடி இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். சத்தம் பொறுக்காமல் யாரோ வந்து வண்டியை நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. எனக்கு அப்படியொரு கோபம். உள்ளே அம்மா என்ன ஆனாளோ, இந்த மனிதர் ஓட்டை வேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று மனசு எரிந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மாமி வாசல்படியில் வந்து நின்றாள். அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை.

"வண்டிய நிறுத்தட்டா, அக்கா?" என்றுதான் கேட்டார்.

"நிறுத்து மக்கா. ரெண்டு உசிரும் பிழைச்சாச்சு."

அப்பா இஞ்சினை நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வேன் இனிமேல் எடுக்காதே என்றுதான் அழுகிறார் என நினைத்து, வீட்டுக்குத் திரும்பும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.