மாமி பார்த்த பெட்ரோல் முள்

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டி எடுப்பவள் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் கொழுந்தன் அதைத்தான் சொன்னான். அதுவும் ஹுன்னஸ்கிரிய மலை வளைவில், பஸ்ஸில் போன சனமெல்லாம் எட்டிப் பார்க்க.

மாமியாரைக் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வழியில் கார் நின்றுவிட்டது. என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கி வைத்த பழைய கார். முள் பாதி டேங்க் காட்டியது, அதனால் நான் பெட்ரோலைச் சந்தேகிக்கவே இல்லை. போன் போட்டதும் கொழுந்தன் ஆட்டோவில் வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கேனில் பெட்ரோலும் கொண்டுவந்திருந்தான். அதை ஊற்றியதும் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"என்னங்க அண்ணி, மேட்டுலயும் பள்ளத்துலயும் முள்ளு பொய் சொல்லும்னு தெரியாதா? சமதரையில நிப்பாட்டித்தானே பார்க்கணும்!"

தெரியாதாம் எனக்கு! மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம். ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முள்ளும் ஆடும். நான் தினமும் கோயில் முன்னால் இருக்கும் சமதரையில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கிளினிக் நேரம் தப்பிப்போனது. வீட்டு வாசலில் இறங்கியதும் மாமி, "இனி நான் இதுல ஏற மாட்டேன். மகன்கிட்டச் சொல்லி வித்துரச் சொல்றேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கார் போனால் போகட்டும். வண்டி ஓட்டத் துப்பில்லாதவள் என்ற பேர் இந்த வீட்டில் என்றைக்கும் போகாதே!

ஆத்திரத்தோடு போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முள் பாதியிலேயே நின்றது. கார் நின்றபோதும் அங்கேதான் நின்றது. ஒரு கேன் ஊற்றிய பிறகும் அசையவில்லை. எங்கள் வாசலோ தட்டுப் போல் சமம். அப்படியானால் மலை மேல் பழி போட முடியாதே.

கல்யாணத்துக்கு முன் அக்குறணையில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி திருத்தும் கடையில் வேலை செய்தவள் நான். ஒரு சாமான் ஓடாவிட்டால் கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். இதையும் அப்படியே பார்க்க முடிவு செய்தேன். மறுநாள் காலை பின்சீட்டைத் தூக்கி, டேங்கின் மேலுள்ள மூடியைக் கழற்றினேன். அங்கிருந்துதான் முள்ளுக்கு வயர் போகிறது. நான் பின்னால் குனிந்திருக்கும்போது முன்னால் முள்ளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது மாமி மட்டும்தான்.

"நான்தான் ஏற மாட்டேன்னு சொன்னேனே."

"வண்டி போகாது மாமி. சும்மா உக்காந்து முள்ள மட்டும் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, பின்னால் போய் வயரைக் கழற்றினேன்.

"எறங்குது... எறங்குது. ஐயோ, அடிக்கே போயிருச்சு! என்னடி பண்ணித் தொலைச்ச?"

அதே வயரைக் காரின் இரும்பில் தொட்டேன்.

"ஏறுது புள்ள! மேல போகுது! நெறஞ்சிருச்சுங்குது!"

வயரை எடுத்தால் இறங்கி, தொட்டால் ஏறுகிறதே, அப்படியானால் முள்ளும் வயரும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு டேங்குக்குள்ளேதான். சாவியை அணைத்து, கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, உள்ளே பெட்ரோலை அளக்கும் மிதவையை வெளியே எடுத்தேன். அதன் கம்பியில் பிசின் போல் அழுக்கு பிடித்திருந்தது. நாட்டில் பெட்ரோல் கிடைக்காத மாதங்களில் கார் சும்மா கிடந்ததல்லவா, அப்போது பிடித்ததாக இருக்கும். மேலிருந்து சுகமாக இறங்கிய மிதவை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு டேங்க் காய்ந்தாலும் முள்ளுக்கு அது பாதிதான். மாமி தானே அதை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சிக்கும் இடத்தில் விரலால் தட்டி, "இந்தச் சனியனா?" என்றார்.

துடைத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது முள் அடிக்குப் பக்கத்தில் நின்றது. பெட்ரோல் செட்டுக்குப் போய் நிரப்பியதும் உச்சிக்குப் போனது. அங்கேயே கை தட்டலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த கிளினிக் நாளில் கொழுந்தன் ஆட்டோவோடு வந்து நின்றான். மாமி அவனைத் தாண்டிப் போய் என் காரின் முன்சீட்டில் ஏறினார். "போடா, போய் உன் சோலியப் பாரு. கோளாறு வண்டியில. ஓட்டுனவகிட்ட இல்ல. நான் கண்ணால பார்த்தேன்."

கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்த பக்கத்துத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் பெண்ணைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். அன்று வளைவில் நாங்கள் நின்றதை பஸ்ஸிலிருந்து பார்த்தவள் அவள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தயங்கினாள்.

மாமி கண்ணாடியை இறக்கிச் சத்தமாகச் சொன்னார்: "பயப்படாம ஏறு புள்ள. என் மருமகதான் ஓட்டுறா!"